கீழத்தெருவின் சுற்று

எங்கள் ஊருக்கு வேம்படிக்கோட்டை என்று பெயரே தவிர கோட்டை என்று காட்ட ஒரு மண்கட்டி கிடையாது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் பரங்கிப் படை வந்து பீரங்கி வைத்து இடித்து, இடித்த மண்ணை ஏர் பூட்டி உழுது, உழுத மண்ணில் ஆமணக்கை விதைத்துவிட்டுப் போனதாகப் பேச்சு, அதனால் ஊரில் எவனாவது அலட்டிக்கொண்டால் "ஆமா, இவரு கோட்டையில பொறந்தவரு" என்று ஒரு நக்கல் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பங்குனி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், பால்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், நாலு பக்கமும் மூன்று ஆள் உயரத்துக்கு மண்கோட்டை எழும்பி நின்றது, அதன்மேல் வல்லய ஈட்டியும் கையுமாக மீசைக்காரர்கள் நின்றார்கள், கிழக்கே கண்மாய்க்கரையில் வெள்ளைக் கூடாரங்களும் பீரங்கிகளும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களும் வரிசை வரிசையாக நின்றார்கள், பால்காரர் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மேலவாசல் வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வழக்கம்போல வீட்டு வீட்டுக்குப் பால் ஊற்றினார்.

யார் செய்த வேலை என்று ஊர் ரொம்ப நேரம் மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கும் பவுன்ராணி, சான்றிதழ் எடுக்கிற சர்வர் காலையில்தான் கொஞ்சமாவது ஓடும் என்பதால் அன்றைக்கும் சீக்கிரமே வந்து லேப்டாப்பைத் திறந்திருந்தாள், சர்வர் சுற்றிக்கொண்டே கிடந்ததால் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு விளையாட்டைப் போட்டாள், அவள் 'தொடங்கு' என்பதை அமுக்கியதும் கோட்டை எழும்பியதும் ஒரே நேரம். அந்த விளையாட்டுக்குப் பெயரே 'வேம்படிக்கோட்டை முற்றுகை'தான். முதலில் அது அட்டையில் ஆடுகிற ஆட்டமாக இருந்தது. எங்கேயோ இருக்கும் எவரோ சரித்திரம் படித்து, எங்கள் ஊரை ஆறுமூலைக் கட்டங்களாகப் பிரித்து, மரத்தில் குதிரையும் பீரங்கியும் செய்து விற்றிருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியாது. பவுன்ராணி கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது விடுதிப் பெண்களோடு ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை ஆடி, ஆடி, அதே ஆட்டம் கம்ப்யூட்டரில் வந்தபோது முதல் ஆளாக வாங்கி வைத்துக்கொண்டாள். அதில் கோட்டைக்காரன் தன் ஆட்களை நகர்த்திவிட்டு 'சுற்று முடிந்தது' என்று அமுக்கவேண்டும், பிறகு பரங்கி நகர்வான், பிறகு மறுபடி கோட்டைக்காரன். இவன் அமுக்காதவரை அவன் இடம்விட்டு அசையமாட்டான், எதிரே ஆள் வந்தால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதோடு சரி.

அவளுடைய திரையில் ரேஷன் கடை தெரிந்தது, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, கொம்பையாவின் அரிசி ஆலை புகைபோக்கியோடு தெரிந்தது. கொம்பையா கோயில் கமிட்டித் தலைவர், கேரம் போர்டு பைத்தியம், எவன் ஆடினாலும் பின்னால் நின்று யோசனை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் வந்து திரையைப் பார்த்தார், வெளியே எட்டிக் கோட்டையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாக, "ஏ புள்ள, இதுல நம்ம யாரு?" என்றார்.

"கோட்டை நம்ம, ஐயா. செவப்பு பரங்கி. எட்டுச் சுத்து. எட்டாவது சுத்து முடியிறதுக்குள்ள அந்தா தெரியிற துரையோட கூடாரத்தப் பிடிச்சா நம்ம ஜெயிச்சோம். பிடிக்கலன்னா ஊரே ஆமணக்குக் காடு."

அவ்வளவுதான், ஊருக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. சலூனில் அதே பேச்சு, டீக்கடையில் அதே பேச்சு, இருநூறு வருஷத்துத் தோல்வியை ஒரே வாரத்தில் துடைத்துவிடலாம் என்று நரை விழுந்தவர்கள்கூடச் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள், முதல் சுற்றை நான் ஆடுவேன் நான்தான் ஆடுவேன் என்று பஸ் நிறுத்தத்தில் செருப்பு பறந்தது. கடைசியில் கொம்பையாதான் வழி சொன்னார். காளியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி உண்டு, அன்றைய செலவும் அந்தத் தெருவுக்கு, அன்றைய மரியாதையும் அந்தத் தெருவுக்கு, இதில் யாரும் யாரையும் முந்த முடியாது. அதே வரிசையில் சுற்றுகளையும் ஆடிவிடலாம் என்றார். ஊர் கைதட்டி ஒத்துக்கொண்டது. மண்டகப்படி உள்ள தெருக்கள் ஏழு. கொட்டு அடிப்பதும் பந்தல்கால் ஊன்றுவதும் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுவதும் கீழத்தெருக்காரர்கள், அவர்களுக்கு மண்டகப்படி மட்டும் கிடையாது. பவுன்ராணி கீழத்தெரு. எட்டில் ஏழு போனால் ஒன்று மிஞ்சுமே என்று அப்போதே அவளுக்குத் தோன்றிவிட்டது.

அப்புறம் நடந்ததையெல்லாம் நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சுற்றுக்குரிய தெரு குளித்து முழுகி, நாகசுரம் முன்னே வர, தேங்காய் பழத் தட்டோடு இ-சேவை மையத்துக்கு ஊர்வலமாக வரும், தெருப் பெரியவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள், அவர் திரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு "இந்த வல்லயக்காரன அங்க வையி, அந்த வில்லுக்காரன இங்க வையி" என்பார், பவுன்ராணி மவுஸை நகர்த்துவாள், கோட்டைமேல் நிற்கிற மீசைக்காரர்கள் திடுதிடுவென்று ஓடி இடம் மாறுவார்கள், ஊரே 'ஓ' என்று கத்தும், 'சுற்று முடிந்தது' என்று அவள் அமுக்கியதும் கிழக்கே தம்பூர்க் கொட்டு அதிரும், சிவப்புச் சட்டைகள் ஒரே ஒரு கட்டம் முன்னால் வந்து அப்படியே விறைத்து நின்றுவிடும். அப்படி விறைத்து நிற்கிற படையை ஊர் எத்தனை சீக்கிரம் சேர்த்துக்கொண்டது என்கிறீர்கள்! டவுன் பஸ் கண்டக்டர் "பரங்கிக் கூடாரம் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார், பீரங்கி வரிசை ஓரமாக மூன்று சர்பத் கடை முளைத்தது, வந்து பார்த்த தாசில்தார் படை நிற்பது புறம்போக்கா பட்டாவா என்று மட்டும் கேட்டுவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார், பள்ளிப் பிள்ளைகள் துப்பாக்கி நுனிகளில் பலூன் கட்டினார்கள், பங்குனி வெயிலில் அசையாமல் நிற்கிறவர்களைப் பார்க்கப் பொறுக்காமல் கீழத்தெருப் பெண்கள் வரிசையாகப் போய்ச் சிப்பாய்கள் வாயில் மோர் ஊற்றினார்கள், சிப்பாய்களும் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு விழுங்கினார்கள்.

மோர் ஊற்றிய அந்தக் கீழத்தெரு கோட்டைக்கு வெளியே இருந்தது. மண்சுவர் எழும்பியபோது ஊருக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே சரியாக எழும்பியிருந்தது, அதில் ஒரு பெரிய கதவும் இருந்தது, கீழவாசல் என்று பேர், மூடியே இருந்தது. பரங்கி முன்னேறிய ஒவ்வொரு கட்டமும் கீழத்தெருவின் கட்டம். அவன் கால் வைத்த கட்டத்தில் இருந்தது இல்லாமல் போய் முழங்கால் உயரத்துக்கு ஆமணக்கு முளைத்துவிடும். முதலில் களம் போனது. அப்புறம் ஆட்டுக்கிடை போனது, ஆடுகள் தப்பித்து ஓடிவந்தது பெரிய காரியம். அப்புறம் தெருக்குழாய் போனது, தண்ணீருக்கு மேலவாசலைச் சுற்றிக்கொண்டு குடத்தோடு நடந்தார்கள். ஒவ்வொரு தெருவும் தன் சுற்றில் சுவரைத்தான் பலப்படுத்தியது, "வெளிய உள்ள கட்டந்தான, போனாப் போட்டும், நேரம் கெடைக்குதுல்லா" என்றது, பவுன்ராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் அமுக்கினாள்.

நாலாவது சுற்றில் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, சுவர எத்தன தடவ பலப்படுத்தினாலும் கூடாரம் தானா விழாது. கீழவாசலத் தெறந்து குதிரைய வெளிய விடணும். ஆட்டத்துல வேற வழியே கெடையாது."

கொம்பையா முகம் மாறியது. "கீழவாசலத் தெறக்குற வழக்கம் கெடையாது" என்றார்.

அந்த வாசல் எழும்பியே நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வழக்கம் கிடையாது, வழக்கம் கிடையாது என்று தலையாட்டினார்கள்.

இப்படியே ஏழு தெருவும் ஆடி முடித்தபோது பீரங்கி ஒன்று பவுன்ராணி வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அடுத்த கட்டம் அவள் வீடு, அதற்கடுத்து மொத்தத் தெரு. அவள் அம்மா சீனியம்மாள் வீட்டை விட்டு நகரமாட்டேன் என்றாள், பீரங்கிக் குழாய் நன்றாகக் காய்கிறது என்று அதன்மேல் துணி விரித்து வடகம் பிழிந்தாள். மகளுக்குத்தான் அடுத்த சுற்று கண்முன்னால் நின்றது. பிறந்த வீடு, அப்பா கையால் வைத்த முருங்கை, எல்லாம் ஒரே ஒரு அமுக்கலில் ஆமணக்காகிவிடும், அந்த அமுக்கலையும் அவள் விரல்தான் செய்யவேண்டும்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பவுன்ராணி நேராகவே கேட்டாள்: "எட்டாவது சுத்து எங்க தெருவுக்கு."

"ஒங்களுக்குத்தான் மண்டகப்படி கெடையாதுல்லா" என்றார் செக்கடித் தெருக்காரர்.

"அப்ப யாருக்கு?"

யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். முதல் தெருவுக்கே திரும்ப வரவேண்டும் என்றது முதல் தெரு, கடைசித் தெருவே இன்னொன்றும் ஆடலாம் என்றது கடைசித் தெரு, மைக் பிடுங்கப்பட்டது, ஒருவர் வேட்டி அவிழ்ந்தது. அந்த இரைச்சலுக்குள் கொம்பையா கையை உயர்த்தினார். அவருக்குப் புதிதாக ஒன்று தோன்றியிருந்தது, தோன்றிய சந்தோஷத்தில் காது சிவந்திருந்தது.

"ஏப்பா, நம்ம அமுக்குனாத்தான அவன் நகருவான்? அமுக்கலன்னா? நிப்பான்! நின்னா நிக்கட்டும்! எட்டாவது சுத்து யாருக்குமே வேண்டாம், அப்படியே போட்டு வச்சிருவோம். கோட்டையும் இருக்கும், ஊரும் இருக்கும், சர்பத் யாவாரமும் நடக்கும்!"

ஊர் எழுந்து நின்று கைதட்டியது. இன்னொரு நூறு வருஷம் ஆனாலும் பரங்கிப் படை வாசலில் நிற்கட்டும், கீழத்தெருவுக்கு ஒரு சுற்றுக் கொடுப்பதைவிட அதுவே மேல் என்று எல்லாருக்கும் ஒரே மனதாகப் பட்டுவிட்டது, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் பவுன்ராணி எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. அவள் மையத்துக்குப் போய், லேப்டாப்பை மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலவாசல் வழியாக வெளியேறினாள். மூடி விழுந்ததும் கோட்டைமேல் நின்ற மீசைக்காரர்கள் அத்தனை பேரும் நின்றபடியே கண்ணை மூடினார்கள், அதைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது.

"பவுனு மிஷினத் தூக்கிட்டுப் போயிட்டா!"

"அவ மிஷினு, அவ தூக்குதா" என்று எங்கேயோ ஒரு பெண் குரல் கேட்டது.

துரத்திப் பிடிக்க மேலவாசலுக்கு ஓடினால் ஊரைப் பாதி சுற்றவேண்டும், கீழவாசலைத் திறக்கிற வழக்கம்தான் கிடையாதே, அதனால் ஏழு தெருவும் திமுதிமுவென்று கிழக்குச் சுவர்மேல் ஏறிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது. கீழே, வெயில் சாயத் தொடங்குகிற நேரத்தில், கீழத்தெருவின் மண்டகப்படி நடந்துகொண்டிருந்தது. எத்தனையோ தலைமுறையாக ஊருக்கு அடித்த கொட்டுமேளத்தைத் தங்களுக்காக அடித்தார்கள், அந்த அடியில் சுவர்மேல் நின்றவர்கள் காலெல்லாம் தானாக ஆடியது. தட்டில் தேங்காய், பழம், ஓரத்தில் சீனியம்மாளின் வடகம் கொஞ்சம். பரிவட்டம் கட்ட யார் வருவார்? சீனியம்மாளே தன் பழைய பட்டுச்சேலை முந்தியைக் கிழித்து மகள் தலையில் கட்டினாள். "ஏளா பவுனு, கை நடுங்காம ஆடு. தோத்தாலும் நம்ம ஆடித் தோப்போம்" என்றாள். பவுன்ராணி பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள், மீசைக்காரர்கள் கண் விழித்தார்கள்.

முதலில் வல்லயக்காரர்களை வடக்கு மூலைக்கு அனுப்பினாள். சுவர்மேல் இருந்தவர்கள் காலுக்கு நடுவே அவர்கள் புகுந்து ஓடினார்கள். "அங்க எதுக்கு?" என்று ஒருவர் கேட்க, "பீரங்கிய அங்கிட்டுத் திருப்புதா, தெரியலயா?" என்று இன்னொருவர் அதட்டினார். வில்லுக்காரர்களைத் தெற்கே தள்ளினாள். "ஏ, ஒரு கட்டம் கூடத் தள்ளு!" என்று ஒரு சத்தம். "பேசாம இருங்கவே, அவ சரியாத்தான் போறா!" என்று ஒரு சத்தம். சிவப்புச் சட்டைகள் பாதி வடக்கேயும் பாதி தெற்கேயும் முகம் திருப்ப, கிழக்கே நடுவில் காவலில்லாமல் பாதை திறந்துகொண்டே வந்தது, துரையின் கூடாரம் தனியாகத் தெரிந்தது, மஞ்சள் தலைப்பாகை கட்டிய குதிரைக்காரர்கள் மூடிய கீழவாசலுக்கு உள்பக்கம் வரிசையாக நின்றார்கள், குதிரைகள் மண்ணைக் காலால் கிளறிப் புழுதி எழுந்தது. கொம்பையா சுவர் விளிம்பில் தொங்காத குறையாக நின்றார். அவர் கண் கூடாரத்துக்குப் போனது, பாதைக்கு வந்தது, கதவுக்கு வந்தது, குதிரைக்குப் போனது, காயெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறபோது கேரம் போர்டுக்காரன் மனசு என்ன பாடு படும் என்று ஆடினவர்களுக்குத்தான் தெரியும். பவுன்ராணியின் அம்புக்குறி கதவுமேல் போய் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"தெற புள்ள!" என்று கொம்பையா தொண்டை கிழியக் கத்தினார். "என்னத்தப் பாத்துக்கிட்டிருக்க! கீழவாசலத் தெற!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவருக்கு உறைத்தது, துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பவுன்ராணி அண்ணாந்து பார்த்தாள். பரிவட்டத்துக்குக் கீழே அவள் முகத்தில் வேர்வை ஓடியது.

"நல்லாக் கேக்கல, ஐயா!"

அவர் துண்டை இன்னும் அழுத்திக்கொண்டார். ஆனால் சுவர்மேல் இருந்த மற்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது, ஆட்டம் கையில் நழுவப் போகிறது, முதலில் ஒரு பையன், அப்புறம் அவன் அம்மா, அப்புறம் செக்கடித் தெரு, கொல்லர் தெரு, கடைத்தெரு, ஏழு தெருவும் ஒரே தொண்டையாக "தெற! தெற! தெற!" என்று கத்தியது, மண்சுவர் அதிர்ந்து புழுதி உதிர்ந்தது, அவள் அமுக்கினாள்.

கதவு திறந்த சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம். குதிரைகள் பாய்ந்து வந்தன, கீழத்தெரு நடுவே, வீடுகளுக்கு இடையே, கொட்டுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டே அடியை நிறுத்தாமல் அடிக்க, ஆமணக்கை மிதித்துத் துவைத்துக்கொண்டு நேராகக் கண்மாய்க்கரைக்குப் போய்த் துரையின் கூடாரத்துக் கயிற்றை அறுத்தன, கூடாரம் மெள்ளச் சரிந்து துரையின் தலைமேலேயே விழுந்தது. திரையில் 'கோட்டைக்கு வெற்றி' என்று வந்தது. சுவர்மேல் இருந்தவர்கள் சரசரவென்று இறங்கி, மேலவாசலைச் சுற்றப் பொறுமையில்லாமல் கீழவாசல் வழியாகவே வெளியே ஓடிவந்தார்கள், யார் எந்தத் தெரு என்று பார்க்காமல் ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றினார்கள், பவுன்ராணியைத் தூக்கினார்கள், சீனியம்மாளைத் தூக்கப் போய் அடி வாங்கினார்கள். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் கைகால் மரத்துப்போனவர்கள்போல நொண்டி நொண்டிப் பீரங்கியை இழுத்துக்கொண்டு கிழக்கே போனார்கள், போகிற வழியில் மோர் ஊற்றிய பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள், கண்மாய்க்கு அந்தப் பக்கம் இறங்கியதும் அவர்களைக் காணோம். ஆமணக்கு இருந்த இடத்தில் களம் வந்தது, கிடை வந்தது, தெருக்குழாய் வந்து தானாகவே தண்ணீர் கொட்டியது.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. கொம்பையா கமிட்டிக்காரர்கள் நாலு பேரோடு இ-சேவை மையத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜெயித்துவிட்டதால் கோட்டை அப்படியே நின்றது. கதவும் நேற்றுத் திறந்தது திறந்தபடி இருந்தது. அதை மூட விடிந்ததுமே ஆசாரியைக் கூட்டிவந்து நெம்பிப் பார்த்திருந்தார்கள், அரிசி ஆலை லாரியைக் கட்டி இழுத்தும் பார்த்திருந்தார்கள், லாரியின் கொக்கிதான் கழன்றது.

"நேத்து நீ ஆடுனது ஆட்டம், புள்ள. அதுல ரெண்டு பேச்சு கெடையாது" என்றார் கொம்பையா. உண்மையாகவே சொன்னார். "ஆனா அந்தக் கதவ மட்டும் சாத்திரு."

பவுன்ராணி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, கதவின்மேல் அமுக்கிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள்.

"சாத்துறதுக்கு ஒரு சுத்து வேணும், ஐயா. எட்டும் முடிஞ்சு போச்சு. ஆட்டம் முடியும்போது எது எப்படி இருந்துச்சோ அது அப்படித்தான் இருக்கும்."

"புதுசா ஒரு ஆட்டம் ஆரம்பிச்சா?"

"ஆரம்பிக்கலாமே. பரங்கியும் வருவான்." அவள் அம்புக்குறியை 'தொடங்கு' என்பதன்மேல் வைத்தாள். "மொதச் சுத்து எந்தத் தெருவுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கொம்பையா திரையைப் பார்த்தார், கூட வந்தவர்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "அது இருக்கட்டும்" என்று எழுந்து, வந்த வேலையே அதுதான் என்பதுபோல ஒரு வருமானச் சான்றிதழுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். "என்னம்மா, கடைக்கு ஏதும் போகணுமா?" என்று பவுன்ராணி கேட்டாள்.

"ஒரு சோலியும் இல்லளா" என்று சீனியம்மாள் சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவள் கீழவாசல் வழியாக உள்ளே வந்தாள், நடுத்தெருவில் கையை வீசிக்கொண்டு நடந்தாள், வெளியே போனாள், மறுபடியும் உள்ளே வந்தாள்.